ராவுல் பெக்: சொந்தக் கதையைச் சொல்ல ஓர் இயக்குநர் கொடுக்கும் விலை என்ன?

ஒரு படம். அதில் ஓர் அறை. பதவி பறிக்கப்பட்ட ஒரு பிரதமரை என்ன செய்யலாம் என்று சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே இருக்கும் ஓர் அமெரிக்க அதிகாரியின் பெயர் சொல்லப்படுகிறது.

ஆனால் அமெரிக்காவில் அந்தப் படத்தை வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு 'பீப்' ஒலிதான் கேட்டது.

படத்தின் பெயர் 'லுமும்பா'. 2000இல் வெளிவந்தது. மறைக்கப்பட்ட பெயர் ஃபிராங்க் கார்லூச்சி. 1960இல் காங்கோவின் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ஆனவர். அப்படி ஒரு கூட்டத்தில் தாம் இருந்ததே இல்லை என்று கார்லூச்சி மறுத்தார். அவருடைய வழக்கறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழக்கு வரலாம் என்ற அச்சத்தில் பெயர் மறைக்கப்பட்டது.

படத்தை எடுத்தவர் ஹெய்ட்டியில் பிறந்த ராவுல் பெக். கிட்டத்தட்ட 40 ஆண்டாகப் படம் எடுக்கிறார். ஆஸ்கர் வரை போயிருக்கிறார். ஆனால் அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

'இண்டி' இயக்குநர் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சின்ன கேமரா, சின்ன பட்ஜெட், வித்தியாசமான கதை. அவ்வளவுதானா? பெக்கின் பயணத்தைப் பார்த்தால் விஷயம் அதைவிடப் பெரிது என்று புரியும். கதை யாருடையது, காட்சிகள் யாருடையவை, கடைசி முடிவு யாருடையது? இந்த மூன்று கேள்விகளோடுதான் அவர் இத்தனை காலமும் போராடியிருக்கிறார்.

சுருக்கமாக

- ராவுல் பெக் 1953இல் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தார். காங்கோ, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி என்று பல நாடுகளில் வளர்ந்தார், படித்தார்.
- இயக்குநர் ஆவதற்கு முன் நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார். இயக்குநர் ஆன பிறகு ஹெய்ட்டியின் கலாசார அமைச்சராகவும் இருந்தார்.
- எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினைப் பற்றிய 'ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ' அவரை உலகம் முழுவதும் அறிமுகப்படுத்தியது. அதை முடிக்க ஏறக்குறைய 10 ஆண்டு ஆனது.
- நினைத்த படத்தை நினைத்தபடி எடுக்க, தொடக்கத்திலேயே சொந்த நிறுவனம் ஒன்றை உருவாக்கிக்கொண்டார்.

ஹெய்ட்டிக் குடும்பம் காங்கோவுக்கு ஏன் போனது?

முதலில் ஹெய்ட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கரீபியக் கடலில் உள்ள இந்த நாடு 1804இல் சுதந்திரம் பெற்றது. அடிமைகளாக இருந்தவர்களே போராடி, நெப்போலியனின் படையைத் தோற்கடித்து உருவாக்கிய நாடு அது. உலகின் முதல் கறுப்பினக் குடியரசு.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி இழப்பீடு கேட்டது. கேட்ட தொகை 150 மில்லியன் ஃபிராங்க். யாருக்கு இழப்பீடு? அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. தொகை பின்னர் குறைக்கப்பட்டாலும், அந்தக் கடனின் சுமை 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது.

1957இல் ஃபிரான்சுவா டுவாலியே ஆட்சிக்கு வந்தார். அவருடைய ஆயுதக் குழுவின் பெயர் 'டோண்டோன் மக்கூட்'. எதிர்த்துப் பேசியவர்கள் காணாமல் போனார்கள். படித்தவர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

அதே நேரத்தில், 1960இல், ஆப்பிரிக்காவில் காங்கோ பெல்ஜியத்திடமிருந்து சுதந்திரம் பெற்றது. பெல்ஜிய அதிகாரிகள் கிளம்பியதும் அங்கே ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் என்று எல்லாருக்கும் தட்டுப்பாடு. பிரெஞ்சு பேசத் தெரிந்த, படித்த கறுப்பினத்தவர் தேவைப்பட்டார்கள். ஐக்கிய நாட்டு அமைப்பு போன்றவற்றின் வழியாக ஹெய்ட்டிக்காரர்கள் பலர் அங்கே போனார்கள்.

அவர்களில் ஒருவர் பெக்கின் அப்பா. வேளாண் நிபுணர். குடும்பம் 1961இல் அங்கே குடியேறியது. அப்போது பெக்குக்கு 8 வயது. அம்மா தலைநகரின் மேயர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். அந்த வேலை பிறகு ஒரு படத்துக்கே விதையானது.

டாக்சி ஓட்டியவர் எப்படி இயக்குநர் ஆனார்?

நேர்வழியில் இல்லை. பள்ளிப் படிப்பு காங்கோவிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் பிரான்ஸிலும். பிறகு பெர்லினில் தொழில்துறைப் பொறியியலும் பொருளியலும் படித்தார். நியூயார்க்கில் ஒரு காலம் டாக்சி ஓட்டினார். செய்தியாளராக, புகைப்படக்காரராக வேலை பார்த்தார். அதற்கெல்லாம் பிறகுதான் பெர்லின் திரைப்படக் கல்லூரிக்குப் போனார். 1988இல் பட்டம் வாங்கியபோது வயது 34ஐத் தாண்டியிருந்தது.

கல்லூரியில் இருக்கும்போதே எடுத்த முதல் முழுநீளப் படம் 'ஹெய்ட்டியன் கார்னர்'. கதை நடப்பது நியூயார்க்கில். ஹெய்ட்டிச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகித் தப்பி வந்த ஒருவர். தன்னைச் சித்திரவதை செய்தவனும் இதே ஊரில்தான் இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றுகிறது. இப்போது அவர் என்ன செய்வார்? பழி வாங்குவாரா? விட்டுவிடுவாரா?

ஹாலிவுட்டில் இந்தக் கதை கிடைத்திருந்தால் துப்பாக்கிச் சண்டையில் முடிந்திருக்கும். பெக்கின் ஆர்வம் வேறு. நாட்டை விட்டு ஓடி வந்தாலும் பயம் கூடவே வருகிறது. அந்தப் பயத்தோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதையே அவர் பார்த்தார். புரூக்ளினில் அப்படி வாழ்ந்த ஹெய்ட்டிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களைத் திரையில் காட்ட வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

சரி, 'சுயேச்சை' என்றால் சரியாக என்ன?

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் பேசுவோம்.

ஒரு பெரிய ஸ்டூடியோ உங்கள் படத்துக்கு முழுப் பணமும் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் படத்தின் உரிமை ஸ்டூடியோவிடம் போய்விடும். எது படத்தில் இருக்கும், எது வெட்டப்படும் என்ற கடைசி முடிவும் பெரும்பாலும் அவர்களுடையதுதான். திரைத்துறையில் இதை 'ஃபைனல் கட்' என்பார்கள். மிகச் சில இயக்குநர்களுக்கே அந்த அதிகாரம் கிடைக்கும்.

சுயேச்சை வழி வேறு. ஒரே இடத்திலிருந்து முழுப் பணமும் வராது. ஒரு நாட்டின் திரைப்பட நிதியிலிருந்து கொஞ்சம், இன்னொரு நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனத்திடமிருந்து கொஞ்சம், விநியோகஸ்தரிடமிருந்து கொஞ்சம். படம் எடுப்பதற்கு முன்பே ஒளிபரப்பு உரிமையை விற்றுப் பணம் திரட்டுவதும் உண்டு. பெக்கின் பல படங்களுக்கு 'ஆர்டே' என்ற பிரெஞ்சு-ஜெர்மன் பொதுத் தொலைக்காட்சி துணை நின்றிருக்கிறது.

இதில் பெரிய கஷ்டம், நேரம் ஆகும். ஒருவர் பின்வாங்கினால் எல்லாம் நின்றுபோகும். ஆனால் ஒரு லாபம் இருக்கிறது: யாருமே படத்தின் முழு முதலாளி ஆக முடியாது.

பெக் 1980களிலேயே 'வெல்வெட் ஃபிலிம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் எச்பிஓ போன்ற பெரிய நிறுவனங்களோடு வேலை செய்திருக்கிறார். ஆனாலும் சொந்த நிறுவனத்தை விடவில்லை. ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொரு கதவைத் தட்டலாம். அந்தச் சுதந்திரம் சொந்தமாக ஓர் அமைப்பு இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

சொந்த நினைவுக்கே காசு கட்டணுமா?

காங்கோவின் முதல் பிரதமர் பட்ரீஸ் லுமும்பா. 1960 ஜூனில் பதவிக்கு வந்தார். சில மாதத்திலேயே பதவி பறிக்கப்பட்டது. 1961 ஜனவரி 17ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. மிஞ்சியதாகச் சொல்லப்படுவது ஒரு பல் மட்டும். பெல்ஜியக் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் அதை எடுத்துச் சென்றிருந்தார். 2022 ஜூனில்தான் அது குடும்பத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

லுமும்பா கொல்லப்பட்ட அதே 1961இல்தான் சிறுவன் பெக்கின் குடும்பம் காங்கோவுக்குப் போனது. 30 ஆண்டு கழித்து, அவர் அந்த மனிதரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க உட்கார்ந்தார். 'லுமும்பா: ஒரு தீர்க்கதரிசியின் மரணம்' என்பது அதன் தலைப்பின் பொருள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பமானது. அப்போது காங்கோவுக்குப் பெயர் ஸயர். ஆட்சியில் இருந்தவர் மொபுட்டு. அங்கே போய்ப் படம் எடுப்பது பாதுகாப்பானதாக இல்லை. லுமும்பாவின் பழைய காட்சிகளோ ஐரோப்பாவின் செய்திப்படக் காப்பகங்களில் இருந்தன. பயன்படுத்த வேண்டுமென்றால் நிமிடக் கணக்கில் பணம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டின் தலைவர் கைதுசெய்யப்படும் காட்சி. அந்த நாட்டு மக்களிடம் அது இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அலமாரியில் இருக்கிறது. பார்க்க, காட்ட, காசு கட்டணும்.

பெக் என்ன செய்தார்? அந்த இல்லாமையையே படமாக்கினார். பிரசல்ஸ் நகரின் குளிர்காலத் தெருக்களைக் காட்டினார். குடும்பப் புகைப்படங்களையும் வீட்டில் எடுத்த படச்சுருள்களையும் சேர்த்தார். காப்பகங்கள் கேட்கும் விலையைப் பற்றிப் படத்திலேயே பேசினார். அம்மா சொன்ன கதைகள் படம் முழுக்க வந்துகொண்டே இருந்தன. மேயர் அலுவலகத்தில் அம்மா பார்த்தவையும் கேட்டவையும் அவருடைய சொந்தக் காப்பகம் ஆயின. அதற்கு யாருக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

பெக் நடிகர் இல்லை. ஆனால் அவர் குரல் அவருடைய படங்களில் ஒரு பாத்திரம் மாதிரி. தாழ்ந்த, நிதானமான குரல். 'நான் இங்கே இருந்தேன், எனக்கும் இதில் பங்கு இருக்கிறது' என்று சொல்லும் குரல். அந்தப் பாணி தொடங்கியது இந்தப் படத்தில்தான்.

பத்து ஆண்டு கழித்து அதே கதையை நடிகர்களை வைத்து எடுத்தார். தொடக்கத்தில் நாம் பார்த்த 'லுமும்பா' அதுதான். அப்போது காங்கோவில் போர் நடந்துகொண்டிருந்ததால் படப்பிடிப்பு ஸிம்பாப்வேயிலும் மொஸாம்பிக்கிலும் நடந்தது. லுமும்பாவாக நடித்தவர் எரிக் எபுவானி.

அந்தப் படத்துக்குத்தான் அமெரிக்காவில் 'பீப்'. சொந்த நிறுவனம், சொந்தக் கதை எல்லாம் இருந்தும், ஒரு பெயரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. பெயர் மறைக்கப்பட்ட விஷயமே செய்தி ஆனது. படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது.

இயக்குநர் அமைச்சர் ஆன கதை

இடையில் 1993இல் 'தி மேன் பை த ஷோர்' வந்தது. 1960களின் ஹெய்ட்டி. சர்வாதிகாரத்தை 8 வயதுச் சிறுமி சாராவின் கண்களால் பார்க்கும் கதை. கேன்ஸ் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் ஹெய்ட்டிப் படம் அதுதான். ஆனால் அப்போது ஹெய்ட்டியில் ராணுவ ஆட்சி. சொந்த நாட்டின் கதையைப் பக்கத்து நாட்டில் எடுக்க வேண்டிய நிலை.

1996இல் ஹெய்ட்டி அரசு அவரைக் கலாசார அமைச்சராக்கியது. பிரதமர் ரோஸ்னி ஸ்மார்த்தின் அமைச்சரவை அது. வெளியிலிருந்து விமர்சித்தவருக்கு உள்ளே போய் மாற்றம் கொண்டுவர ஒரு வாய்ப்பு.

அது நீடிக்கவில்லை. 1997இல் பிரதமரோடும் வேறு சில அமைச்சர்களோடும் சேர்ந்து பதவி விலகினார். அதிகாரத்தில் இருந்தவர்களின் போக்குக்கு அது எதிர்ப்பு. அந்த அனுபவத்தை 1998இல் ஒரு புத்தகமாக எழுதினார். 'பொறுமையின் எல்லைவரை' என்பது போன்ற தலைப்பு. உள்ளே என்ன நடந்தது என்பது தலைப்பிலேயே தெரிகிறது, இல்லையா?

2009இல் 'மோலோக் டிராபிகல்' என்ற கதைப்படத்தை எடுத்தார். மலை உச்சிக் கோட்டையில் அடைந்துகிடக்கும் ஒரு ஜனாதிபதி. அதிகாரம் கையை விட்டு நழுவும் கடைசி மணி நேரம். படம் எடுக்கப்பட்ட இடம், சுதந்திரத்துக்குப் பிறகு ஹெய்ட்டி மக்கள் கட்டிய லஃபெரியேர் கோட்டை. இப்போது அது யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம். அமைச்சரவைக்குள் இருந்து பார்த்த ஒருவர் எடுத்த படம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் சுவாரசியமாக இருக்கும்.

வானொலியும் கொலை செய்யுமா?

1994இல் ருவாண்டாவில் ஏறக்குறைய 100 நாளில் சுமார் 800,000 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். அதைப் பற்றி எச்பிஓவுக்காகப் பெக் எடுத்த படம் 'சம்டைம்ஸ் இன் ஏப்ரல்' (2005).

அவர் பிடிவாதமாக இருந்த ஒரு விஷயம், படத்தை ருவாண்டாவிலேயே எடுக்கணும் என்பது. அதற்குச் சற்று முன் வந்த புகழ்பெற்ற 'ஹோட்டல் ருவாண்டா' படத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்டது. பெக்கின் படம் சம்பவங்கள் நடந்த மண்ணில், அவற்றைக் கடந்துவந்த மக்களுக்கு நடுவே எடுக்கப்பட்டது.

கதையில் இரண்டு சகோதரர்கள். ஒருவர் ராணுவ வீரர். இட்ரிஸ் எல்பா நடித்திருப்பார். இன்னொருவர் வானொலி அறிவிப்பாளர். அந்த வானொலிதான் மக்களைக் கொலைக்குத் தூண்டுகிறது. பல ஆண்டு கழித்து, வானொலியில் பேசியவர் ஐக்கிய நாட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார். அண்ணனும் தம்பியும் மறுபடி முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ருவாண்டாவில் வானொலி நிஜமாகவே அந்த வேலையைச் செய்தது. ஊடகப் பொறுப்பாளர்கள் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். கைத்தொலைபேசியில் வரும் எதையும் ஒரு தட்டில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிற நமக்கும் இந்தப் படம் உறைக்கும்.

உதவிப் பணம் எங்கே போனது?

2010 ஜனவரி 12. ஹெய்ட்டியை நிலநடுக்கம் உலுக்கியது. உலகமே உதவி அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த நன்கொடையாளர் மாநாட்டில், இரண்டு ஆண்டுக்கு 5 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் தருவதாக நாடுகள் வாக்களித்தன.

பெக் கேமராவோடு கிளம்பினார். இரண்டு ஆண்டு படம் பிடித்தார். மறுகட்டமைப்புக்கு அமைக்கப்பட்ட இடைக்கால ஆணையத்துக்கு இருவர் தலைமை: முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், ஹெய்ட்டிப் பிரதமர் ஜான்-மக்ஸ் பெலரீவ். 2013இல் வந்த 'ஃபேட்டல் அசிஸ்டன்ஸ்', அதாவது உயிரைக் குடிக்கும் உதவி, அந்தக் கூட்ட அறைகளுக்குள்ளேயே நம்மைக் கூட்டிப்போகிறது.

அங்கே நாம் பார்ப்பது என்ன? இடிபாடுகளை அகற்றினால்தான் வீடு கட்ட முடியும். ஆனால் இடிபாடு அகற்ற யாரும் பணம் தர விரும்புவதில்லை. புதுக் கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம். அகற்றிய குப்பையில் மாட்ட முடியாதே! நல்லவர், கெட்டவர் கதை இல்லை இது. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களும் சேர்ந்துதான் தோற்றுப்போகிறார்கள். கூட்டத்தில் முடிவெடுக்கும் இடத்தில் ஹெய்ட்டிக்காரர்களின் குரல் எத்தனை முறை ஒதுக்கப்படுகிறது என்பதைப் பெக் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

30 பக்கக் குறிப்பு எப்படி ஆஸ்கர் வரை போனது?

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1979இல் ஒரு புத்தகம் எழுதத் திட்டமிட்டார். கொலைசெய்யப்பட்ட தன் மூன்று நண்பர்களைப் பற்றியது: மெட்கர் எவர்ஸ், மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங். மூவருமே 40 வயதை எட்டவில்லை. ஆனால் புத்தகம் முடியவில்லை. 1987இல் பால்ட்வின் இறந்தபோது மிஞ்சியது சுமார் 30 பக்கக் குறிப்பு.

பெக் இளம் வயதிலிருந்தே பால்ட்வினைப் படித்தவர். பால்ட்வினின் படைப்புகளை நிர்வகிக்கும் குடும்பத்தை அணுகினார். எழுத்தாளரின் சகோதரி குளோரியா அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெளிவந்தவை, வெளிவராதவை எல்லாவற்றையும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இப்படிப்பட்ட அனுமதி கிடைப்பது மிகவும் அரிது. ஒருநாள் அந்த 30 பக்கங்களையும் அவர் பெக்கிடம் கொடுத்தார்.

இனி என்ன, படத்தை எடுத்துவிட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. ஏறக்குறைய 10 ஆண்டு ஆனது. நிபுணர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கவே கூடாது, பால்ட்வினின் சொற்கள் மட்டும்தான் படத்தில் என்று பெக் முடிவெடுத்தார். எழுதியவர் என்ற இடத்தில் பால்ட்வினின் பெயரையே போட்டார். அந்தச் சொற்களைச் சேமுவல் எல். ஜாக்சன் வாசித்தார். வழக்கமான உரத்த குரலில் இல்லை, அடங்கிய குரலில். பலருக்கு அது அவர்தான் என்றே முதலில் தெரியவில்லை.

2016இல் டொராண்டோ விழாவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆவணப்படம் அதுதான். 2017இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, வெல்லவில்லை. ஆனால் 2018இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் பிரான்ஸின் சீசர் விருதும் கிடைத்தன. அமெரிக்கத் திரையரங்குகளில் 7 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. ஆவணப்படத்துக்கு அது பெரிய தொகை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 25 ஆண்டுக்கு முன் லுமும்பாவின் காட்சிகளுக்காகக் காப்பகங்களின் கதவைத் தட்டிய அதே மனிதர் இவர். இந்த முறை கதைக்கு உரியவர்களே அவர் கையில் கதையைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை வாங்க, அவர் எடுத்து முடித்திருந்த படங்கள்தான் அவருக்கு அறிமுகக் கடிதம்.

எல்லாருக்கும் இவர் படம் பிடிக்குமா?

இல்லை. நியாயமான விமர்சனங்களும் உண்டு.

பால்ட்வின் ஓரினச் சேர்க்கையாளர். அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். படம் அந்தப் பக்கத்தைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை என்று சிலர் குறைசொன்னார்கள்.

'தி யங் கார்ல் மார்க்ஸ்' (2017) வழக்கமான சரித்திரப் படம் மாதிரி இருக்கிறது, பெக்கிடம் இன்னும் எதிர்பார்த்தோம் என்றார்கள் வேறு சிலர்.

2021இல் எச்பிஓவில் வந்த 'எக்ஸ்டர்மினேட் ஆல் த புரூட்ஸ்' நான்கு பாகத் தொடர். காலனித்துவம், அடிமை முறை, இனப்படுகொலை என்று 500 ஆண்டு வரலாற்றை ஒரே மூச்சில் சொல்கிறது. ஆவணக் காட்சிகளுக்கு நடுவே நடிகர்களை வைத்து எடுத்த கற்பனைக் காட்சிகளும் வரும். துணிச்சல் என்றார்கள் சிலர். குழப்புகிறது என்றார்கள் சிலர்.

இன்னொரு கேள்வியும் எழலாம். எச்பிஓ, அமேசான் பணத்தில் படம் எடுப்பவர் சுயேச்சையா? பெக்கின் வரலாற்றைப் பார்த்தால் பதில் இப்படி: பணம் யாருடையது என்பது ஒரு கேள்வி. பணம் கொடுத்தவர் 'இதை மாற்று' என்றால், 'வேண்டாம், நான் கிளம்புகிறேன்' என்று சொல்ல முடிகிறதா என்பது வேறு கேள்வி. அமைச்சர் பதவியையே விட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இப்போது என்ன செய்கிறார்?

70 வயதைத் தாண்டியும் வேகம் குறையவில்லை.

2023இல் 'சில்வர் டாலர் ரோடு'. அமெரிக்காவின் வட கரோலைனாவில் தங்கள் பூர்விக நிலத்தை விட்டுப் போக மறுத்த ரீல்ஸ் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தின் இரு சகோதரர்கள் அதற்காக 8 ஆண்டு சிறையில் இருந்தார்கள்.

2024இல் 'எர்னஸ்ட் கோல்: லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'. தென்னாப்பிரிக்க இனஒதுக்கலைப் படம் பிடித்து 1967இல் புத்தகமாக வெளியிட்ட புகைப்படக்காரர் கோல். நாடு திரும்ப முடியாமல் 1990இல் நியூயார்க்கில் இறந்தார். அவருடைய சுமார் 60,000 படச்சுருள் பிரதிகள் 2017இல் சுவீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து வெளிவந்தன. மறுபடியும் அதே கேள்வி: ஒருவரின் நினைவு யாருடைய பெட்டகத்தில்? கேன்ஸில் சிறந்த ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' விருதை இந்தப் படம் பகிர்ந்துகொண்டது.

2025இல் 'ஆர்வெல்: 2+2=5'. '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெலின் சொற்களை இன்றைய அரசியலோடு சேர்த்துப் பார்க்கும் படம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

- நேரம் குறைவா? 'ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ' பாருங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.
- கதைப்படம்தான் பிடிக்குமா? 'லுமும்பா' (2000). முடிந்தால் பெயர் மறைக்கப்படாத பிரதியைத் தேடுங்கள்.
- ஊடகம், தொடர்பியல் படிக்கிறீர்களா? 'சம்டைம்ஸ் இன் ஏப்ரல்'. கனமான படம், வன்முறைக் காட்சிகள் உண்டு.
- தொண்டூழியத்தில் ஆர்வமா? 'ஃபேட்டல் அசிஸ்டன்ஸ்'. அடுத்த முறை நன்கொடை திரட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள் உங்களுக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஒரு படம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். பெயர்ப்பட்டியல் ஓடட்டும். காட்சிகளைக் கொடுத்த காப்பகங்கள் எவை, பணம் போட்டவர்கள் யார், கடைசி வரியில் பதிப்புரிமை யார் பெயரில் என்று பாருங்கள். படம் யாரைப் பற்றியது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். யாருடையது என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.